பழைய சி.டி. 125 பென்லிக்குச் சாமான்: வன்னியில் எங்கே தேடுவது?

2025 ஜனவரி 18, மல்லாவியிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

"அண்ணை, மாமா வெளிநாடு போகேக்க விட்டுட்டுப் போன ஹொண்டா சி.டி. 125 பென்லி ஒன்று வீட்டில நிக்குது. பதிவுப் புத்தகம் எல்லாம் சரி. ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஒரு பக்கச் சிலிண்டர் வேலை செய்யாத மாதிரி. முன் சில்லு ஆடுது. சங்கிலிக் கவர் உடைஞ்சு போச்சு. கராஜில கேட்டா, 'சாமான் இல்லைத் தம்பி, குடுத்திட்டுப் புதுசா ஒண்டை எடு' எண்டுறாங்கள். வவுனியாவிலயும் கேட்டன், பென்லி எண்டதும் தலையை ஆட்டுறாங்கள். உண்மையாவே சாமான் இல்லையா?"

ஜனவரி 18, இரவு

தம்பி, சாமான் இருக்கிறது. பென்லி என்ற பெயரில் இல்லை, அவ்வளவுதான். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. அவரிடம் உள்ள பெட்டிகள் எல்லாம் பல்சர், டிஸ்கவர், ஸ்பிளெண்டர் என்ற பெயரோடு வருகின்றன. பழைய ஜப்பான் வண்டி ஒன்றின் பெயரைச் சொன்னால் அவர் எந்தப் பெட்டியைத் திறப்பார்? ஆகவே பெயரைச் சொல்லாமல், கழற்றிய சாமானைக் கையில் கொண்டு போங்கள்.

முன் சில்லு ஆட்டத்தையே எடுப்போம். அச்சை உருவி, பெயரிங்கைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவினால் அதன் பக்கத்தில் நாலு இலக்கம் தெரியும். 6301 என்றிருந்தால் உள் விட்டம் 12 மில்லிமீற்றர், வெளி விட்டம் 37, தடிப்பு 12. 6201 என்றால் 12, 32, 10. 6202 என்றால் 15, 35, 11. எந்த நாட்டில் எந்தக் கொம்பனி செய்தாலும் இந்த அளவு மாறாது. இலக்கத்துக்குப் பின்னால் 2ஆர்.எஸ். என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கும். நம்முடைய கிரவல் புழுதிக்கு அதுதான் நிற்கும்.

இதற்கு மோட்டார் சைக்கிள் கடைக்கே போகத் தேவையில்லை. லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்துக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் சாமான் விற்கிற கடைக்குப் போங்கள். அங்கே பெயரிங்கை இலக்கத்தால்தான் கேட்பார்கள், இலக்கத்தால்தான் எடுத்துத் தருவார்கள். ஒயில் சீலும் அப்படியே. அதன் முகத்தில் 20, 34, 7 என்பது போல மூன்று எண் இருக்கும்: உள், வெளி, தடிப்பு. எழுத்து தேய்ந்திருந்தால் வேர்ணியர் அளவுகோலால் அளக்கலாம்.

ஜனவரி 19

ஒரு பக்கச் சிலிண்டர் விஷயம்.

பென்லியில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். காபரேற்றர் ஒன்று, பிளக் பொறியடிக்க மின்சாரத்தைத் துண்டிக்கிற பொயின்ற்ஸ் ஒன்று, அந்தப் பொறிக்கு மின்னழுத்தத்தைக் கூட்டுகிற இக்னிஷன் கோயில் (மின்சுருள்) ஒன்று. அந்தக் கோயிலிலிருந்துதான் இரண்டு பிளக்குக்கும் வயர் போகிறது. ஆகவே பொயின்ற்ஸோ கொண்டென்சரோ பழுதென்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து படுக்கும். ஒரு பக்கம் மட்டும் படுக்கிறதென்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் உரியதைப் பார்க்க வேண்டும். பிளக், பிளக் மூடி, அதன் வயர், வால்வு, ரிங் போன்றவைதான். கராஜில் "பொயின்ற்ஸ் மாத்த வேணும், அது கிடைக்காது" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு சைலன்சர் குழாயிலும், எஞ்சினுக்குக் கிட்ட, இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேலை செய்கிற பக்கம் சீறும். மற்றப் பக்கம் நனைந்தபடியே இருக்கும். பிறகு பிளக் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால் பிளக்தான். மாறாவிட்டால் மூடியை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால்தான் வால்வு, கம்பிரஷன் என்று உள்ளே போக வேண்டும்.

பிளக் வாங்கும்போதும் வண்டியின் பெயர் தேவையில்லை. என்.ஜி.கே. பிளக்கில் முதல் எழுத்து மரையின் பருமன்: பி என்றால் 14 மில்லிமீற்றர், டி என்றால் 12, சி என்றால் 10. நடுவில் வரும் எண் சூட்டு அளவு. எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. எண்ணுக்குப் பின்னால் வருகிற எழுத்து மரையின் நீளம்: எச் என்றால் 12.7, ஈ என்றால் 19. நீளம் கூடினால் பிஸ்டனில் போய் இடிக்கலாம். "இதுவும் கொழுவும்" என்று யாராவது சொன்னால் இந்த எழுத்தைக் காட்டிக் கதையுங்கள்.

ஜனவரி 27

இடது பக்கப் பிளக் மூடிதான் என்று தம்பி எழுதியிருக்கிறார். சந்தோஷம். வண்டியை விற்கச் சொன்ன அதே கராஜில், இப்போது தாங்களே வாங்கப் பேரம் கேட்கிறார்களாம். கொடுக்க வேண்டாம்.

பெப்ரவரி 2

கழற்றுவது பற்றி ஒரு வார்த்தை. நான் பார்த்த பழைய ஹொண்டாக்களில் பாதிக்கு எஞ்சின் மூடித் திருகாணிகளின் தலை வழுக்கிப் போயிருக்கிறது. ஜப்பான் திருகாணியின் சிலுவைக் குழி, சாதாரண நட்சத்திர ஸ்குரூ டிரைவரின் முனைக்குச் சரியாகப் பொருந்தாது. குழி ஆழமற்றது, அடி தட்டையானது. சாதாரண டிரைவரைப் போட்டு முறுக்கினால் மேலே ஏறி வந்து தலையை அரைத்துவிடும். ஜப்பான் அளவு டிரைவர் கிடைக்காவிட்டால், சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்புகிற இம்பக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள். முதல் நாள் இரவே ஒயில் விட்டு வையுங்கள்.

போல்டிலும் இந்த வித்தியாசம் உண்டு. 8 மில்லிமீற்றர் போல்டுக்கு ஜப்பான்காரன் 12ஆம் நம்பர் ஸ்பனர் வைத்திருக்கிறான், மற்ற இடங்களில் 13. 10 மில்லிமீற்றர் போல்டுக்கு 14, மற்ற இடங்களில் 16 அல்லது 17. ஹாட்வெயார் போல்டைப் போட்டு நிரப்பிய வண்டியை இதிலேயே கண்டுபிடித்துவிடலாம். 12ஆம் நம்பர் ஸ்பனர் பிடிக்க வேண்டிய இடத்தில் 13 பிடித்தால், அங்கே ஏற்கனவே யாரோ கை வைத்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிற தம்பிமாருக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

பெப்ரவரி 9

"இறக்குமதி திறந்தாச்சு, இனி ஏன் இந்தப் பழசோட மல்லுக்கட்டு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் பழையபடி திறந்தது. ஆனால் புது வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். லீசிங்கில் எடுத்துவிட்டு, வெள்ளாமை பிழைத்த போகத்தில் தவணை கட்ட முடியாமல் வண்டியைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. கொட்டிலில் நிற்கிற பென்லி யாருக்கும் கடன் இல்லை.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டையும் யோசித்துப் பாருங்கள். கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். அந்த நாலு லீற்றரில் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்த வண்டிகள் எவை? கொட்டிலில் கிடந்த சின்ன எஞ்சின் ஹொண்டாக்களைத்தான் தூசு தட்டி எடுத்தோம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதும் சாமான் விலையும் ஏறியது, ஏறியது இறங்கவே இல்லை. அது உண்மை. ஆனாலும் ஒரு சோடி பெயரிங் விலையையும் ஒரு மாத லீசிங் தவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு விளங்கும்.

பெப்ரவரி 10

நேற்று எழுதிய பிறகு ஒருவர், போர் நாளில் வன்னிக்குப் பெற்றோல் வராமல் தடுத்த பொருளாதாரத் தடைக் காலத்து மண்ணெண்ணெய் ஓட்டத்தைப் பற்றி எழுதியிருந்தார். "அந்த நாளையில மண்ணெண்ணெயில ஓடின வண்டி, இப்ப எதையும் தாங்கும்" என்கிறார். அதை நான் ஏற்கமாட்டேன். ஓடியது உண்மை, தாங்கியது உண்மை இல்லை.

பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் கொஞ்சம் பீச்சி, உதைத்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். சந்தியில் நின்றுவிட்டால் திரும்பவும் போத்தலை எடுக்க வேண்டும். வேறு வழி இல்லாததால் செய்தது. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியில் இருக்கிற ஒயிலையும் தண்ணியாக்கிவிடும். பிஸ்டன் தலையிலும் ரிங் குழிகளிலும் கரி ஏறி ரிங் இறுகும். அந்தக் காலத்தில் ஓடிய எஞ்சின் இன்று உங்கள் கைக்கு வந்தால், வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஹெட்டைக் கழற்றி ஒருக்காப் பார்த்துவிட்டுத்தான் மற்றச் செலவுகளைத் தொடங்க வேண்டும்.

பிஸ்டன் தலையில் 25, 50, 75, 100 என்று எண் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 0.25 மில்லிமீற்றர் முதல் 1.00 வரை சிலிண்டரை எவ்வளவு போர் அடித்து (கடைந்து பெரிதாக்கி) இருக்கிறார்கள் என்பதை அது சொல்லும். எண் இல்லாவிட்டால் பெரும்பாலும் முதல் அளவு. 100 என்றிருந்தால் அந்தச் சிலிண்டரில் வெட்ட இனி இரும்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புது லைனர் இறக்க வேண்டும்.

பெப்ரவரி 11

பென்லிக்கு இரண்டு சிலிண்டர் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் போர் அடித்து, மற்றதை விட்டுவிட்டு ஓடுகிறவர்களைத் தெரியும். ஓடும்தான். ஆனால் நடுக்கம் போகாது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

மார்ச் 4

அறுவடை முடிந்து இப்போதுதான் கை ஓய்ந்தது. இன்று இரும்பு கடைகிற லேத் கடை பற்றி எழுதுகிறேன்.

எங்கள் வண்டியின் பின் சில்லைத் தாங்கும் சுவிங் ஆம், பக்கத்துக்குப் பக்கம் ஆடத் தொடங்கியிருந்தது. உள்ளே அச்சைத் தாங்குகிற புஷ் என்ற உலோக வளையம் தேய்ந்துவிட்டது. கடையில் அந்தச் சாமான் எந்தப் பெயரிலும் இல்லை. கிளிநொச்சியில் உழவு இயந்திரச் சாமான்கள் கடைகிற வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டு போனேன். புஷ்ஷை நானே அளந்து, துண்டுக் கடதாசியில் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "அச்சு எங்க?" என்றார். அச்சு வீட்டில் இருந்தது. திரும்பிப் போய் எடுத்து வந்தேன்.

அச்சைப் பழந்துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உருட்டினார். பிறகு வேர்ணியரை ஒரே இடத்தில் வைக்காமல், இரண்டு முனையிலும் நடுவிலும் வைத்து, ஒவ்வொரு இடத்திலும் அச்சைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளந்தார். நடுவில் அச்சு நல்ல வட்டம். புஷ் உட்காரும் இரண்டு முனையிலும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. "புஷ்ஷை மட்டும் செய்து தந்தா மூண்டு மாசத்தில திரும்ப வருவாய். அச்சையும் கடைய வேணும்" என்றார். அச்சின் இரண்டு முனையையும் மெல்லிசாகக் கடைந்து வட்டமாக்கி, அந்தப் புது அளவுக்குக் கன்மெற்றல் என்ற செப்புக் கலவையில் புஷ் செய்தார். முதலில் கொஞ்சம் இறுக்கமாக வைத்து, கையால் தள்ளிப் பார்த்து, திரும்ப லேத்தில் பூட்டி ஒரு மயிரளவு எடுத்து, அச்சு தன் பாரத்தில் மெல்ல இறங்கும்வரை பார்த்துத்தான் தந்தார். கிறீஸ் போக உள்ளே ஒரு வரியும் வெட்டிவிட்டார்.

கடையில் புதுசாகக் கிடைத்திருந்தால் நான் புஷ்ஷை மட்டும் வாங்கி, தேய்ந்த அச்சிலேயே பூட்டியிருப்பேன். அந்த வேலை இன்றுவரை ஆடாமல் நிற்கிறது. இப்படிப்பட்ட கைகள் வன்னியில் உருவானதற்குக் காரணம் தடைக் காலம்தான். எதுவும் வராத ஆண்டுகளில் எல்லாவற்றையும் இங்கேயே கடைய வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறை பாஸ்மார் குறைந்து வருகிறார்கள். அவர்களிடம் போய் வேலை கொடுங்கள், கூட நின்று பாருங்கள். பழகுகிறேன் என்று பெடியன் ஒருவன் வந்தால் அனுப்பி வையுங்கள்.

மார்ச் 5

கேட்டவருக்கு: வேலைக்கு எவ்வளவு எடுத்தார் என்பதை இங்கே போட விரும்பவில்லை. இரும்பின் விலை அடிக்கடி மாறுகிறது. நாளைக்கு யாராவது போய் இந்தத் தொகையைச் சொல்லிப் பேரம் பேசினால் அவருக்குச் சங்கடம்.

மார்ச் 23

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா எம்.டி. 90 பற்றிக் கேட்டிருக்கிறார். டயர் கிடைக்கவில்லையாம்.

எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரருக்காகவே ஹொண்டா செய்த வண்டி. அங்கே சிவப்பாக ஓடியது இங்கே எல்லா நிறத்திலும் ஓடியது. வன்னியில் அதைத் தெரியாதவர் இல்லை. பாரம் ஏற்றவும் வீட்டுக்கு வீடு நின்று நின்று போகவும் செய்த வண்டிக்கு நம்முடைய கிரவலும் வயல் வரம்பும் பெரிய சோதனையாக இருக்கவில்லை. அதன் சில்லு 14 அங்குலம். 17, 18 அங்குல டயர் எந்தச் சந்தியிலும் தொங்கும்; 14 தேட வேண்டும். கிடைக்கும் நேரத்தில் முன்னும் பின்னும் சோடியாக எடுங்கள் அக்கா.

ஆனால் அபூர்வ அளவு என்றால் கடையில் கனகாலம் கிடந்த டயரையும் புதுசென்று தருவார்கள். டயரின் பக்கத்தில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பழைய டயராக இருந்தாலும் தேயாமல் இருக்கலாம், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பக்கத்தை விரலால் மடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள், முக்கியமாக முன் சில்லுக்கு.

எம்.டி. 90இல் உள்ளது போன்ற ஹொண்டா கப் (Cub) வகை எஞ்சினுக்குச் சீனப் பிரதிகள் நிறைய வந்திருக்கின்றன, அதனால் கஸ்கெட்டும் காபரேற்றரும் மலிவாகக் கிடைக்கின்றன. படத்தில் எல்லாம் ஒரே மாதிரித்தான். ஹெட்டைப் பிடிக்கும் நாலு ஸ்டட்டின் இடைவெளியையும் சிலிண்டர் துவாரத்தையும் அளக்காமல் காசு கொடுக்க வேண்டாம். பழைய கஸ்கெட்டை எறியாமல் அட்டை ஒன்றில் ஒட்டி வைத்திருந்தால், புதியதை அதன் மேல் வைத்துப் பார்க்கலாம்.

ஏப்ரல் 6

சாமான் இலக்கம் பற்றி எழுதச் சொன்னார்கள். ஹொண்டாவின் ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று துண்டாக ஒரு இலக்கம் உண்டு. முதல் ஐந்து எண் அது என்ன சாமான் என்று சொல்லும்: 13101 என்றால் பிஸ்டன், 12251 என்றால் ஹெட் கஸ்கெட், 14401 என்றால் டைமிங் செயின், 22201 என்றால் கிளச் பிளேட். நடுவில் வருகிற மூன்று எண்ணோ எழுத்தோ, அந்தச் சாமானை முதன்முதல் எந்த மொடலுக்காகச் செய்தார்கள் என்பதைக் காட்டும். கடைசித் துண்டு அதன் வகை.

நடுத் துண்டுதான் நமக்குப் புதையல். உங்கள் வண்டியின் சாமான் புத்தகத்தில் ஒரு சாமானுக்கு வேறு மொடலின் குறி இருந்தால், அந்தச் சாமான் அந்த மொடலிலும் இருக்கிறது என்று அர்த்தம். ஹொண்டா ஒரு நல்ல சாமானைச் செய்தால் பல வண்டிக்கும் அதையே போட்டுக்கொண்டு போகும். முழு இலக்கமும் 9இல் தொடங்கினால் இன்னும் நல்லது. அது போல்ட், பெயரிங், சீல் போன்ற பொதுச் சாமான், அளவை வைத்தே எடுக்கலாம். பழைய மொடல்களின் சாமான் புத்தகங்கள் இணையத்தில் படத்தோடு கிடைக்கின்றன. போனில் சேமித்து வைத்தால் கடைக்காரருடைய நேரமும் மிச்சம்.

ஏப்ரல் 20

பஞ்சிகாவத்தை. கனபேர் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். நான் கடைசியில் வைக்கிறேன்.

கொழும்பில் மருதானைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சாமான் சந்தையில் கிடைக்காதது குறைவு. பழைய ஜப்பான் எஞ்சின்கள் முழுசாகவும் துண்டாகவும் இருக்கும். ஆனால் இங்கிருந்து போய்வரும் செலவோடு பார்த்தால், பெயரிங்குக்கும் சீலுக்கும் அங்கே போவது வீண். கிராங், கியர், சிலிண்டர், ஹெட் போன்றவற்றுக்கு மட்டும் போங்கள். போக முடியாவிட்டால் சாமானை அடிமட்டத்தோடு சேர்த்து வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். அவர்களிடமும் அதே மாதிரி அடிமட்டத்தோடு படம் கேளுங்கள். கியர் என்றால் பல்லின் எண்ணிக்கையை எழுதுங்கள். இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் விடியக் கிளிநொச்சிச் சந்தியில் எடுத்துக்கொள்ளலாம்.

"ஒரிஜினல்" என்ற சொல்லை நம்பி நான் வாங்கிய ரிங் சோடி ஒன்று இருக்கிறது. பெட்டியில் எழுத்து, ஒட்டு, எல்லாம் அச்சொட்டு. எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை பீலர் கேஜ் என்ற தகட்டு அளவியால் பார்த்தேன். கையில் இருந்த மிகத் தடித்த தகடும் தாராளமாகப் போய்வந்தது. பென்லியின் பிஸ்டன் வெறும் 44 மில்லிமீற்றர். அந்தச் சின்ன ரிங்குக்கு அவ்வளவு இடைவெளி இருந்தால் ஒயில் புகையோடுதான் ஓட வேண்டும். வாங்கும் இடத்திலேயே சிலிண்டரைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். பாரம்தான், ஆனால் திருப்பிக் கொடுக்க அலைவதை விடப் பரவாயில்லை.

மே 21

எஞ்சின் கேஸ், பிரேம் இரண்டையும் பற்றி ஒரு தம்பி கேட்டார்: பழைய இரும்புக் கடையில் மலிவாக ஒன்று கிடக்கிறதாம், புத்தகம் இல்லையாம்.

வாங்க வேண்டாம். சட்டக் காரணம் எல்லோருக்கும் தெரியும். இலக்கம் வெட்டிய சாமான் புத்தகத்தோடு பொருந்த வேண்டும், எஞ்சினை மாற்றினால் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். ஆனால் நான் அதற்காக மட்டும் சொல்லவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலிலும் வட்டுவாகலிலும் சனம் விட்டுவிட்டு வந்த மோட்டார் சைக்கிள்கள் எத்தனை என்று இந்த மண்ணில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. குவியலாகக் கிடந்து துருவேறின. எங்கள் எம்.டி. 90உம் அதற்குள்தான் போனது. அதன் புத்தகம் இன்றும் அம்மாவின் பெட்டியில் பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. அம்மாவைப் போல புத்தகத்தை மட்டும் வைத்திருக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இலக்கத்தோடு ஒரு பிரேம் கையில் வந்தால் அது யாருடையதென்று விசாரியுங்கள். மட்காட், ஹான்டில், சில்லு என்றால் வேறு விஷயம். இலக்கம் உள்ளதை நான் தொடமாட்டேன், நீங்களும் தொட வேண்டாம்.

ஜூன் 15

சங்கிலிக் கவர் பற்றி மல்லாவித் தம்பி திரும்பவும் கேட்டிருக்கிறார். உடைந்ததைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த சங்கிலியாக ஓடினால் என்ன என்று.

எறிய வேண்டாம். முழுதாக மூடிய சங்கிலிக் கவர்தான் பென்லிக்கு அழகு என்று சொல்லவில்லை, உயிர் என்று சொல்கிறேன். கோடையில் ஒட்டுசுட்டான் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ ஒரு கிரவல் வீதியில் போய்வந்துவிட்டு, திறந்த சங்கிலியைத் தொட்டுப் பாருங்கள். ஒயிலும் மண்ணும் சேர்ந்து அரத்தூள் மாதிரி இருக்கும். அதுதான் ஸ்பொக்கட்டைத் தின்கிறது. உடைந்த கவரைக் கொண்டுபோய் ட்ரங்குப் பெட்டி செய்கிற தகரவேலைக்காரரிடம் கொடுங்கள். பழைய துண்டை அச்சாக வைத்து வெட்டி ஒட்டித் தருவார். உள் பக்கத்துக்கும் பெயின்ற் அடிக்கச் சொல்லுங்கள்.

சங்கிலி வாங்கும்போது 420, 428 இரண்டையும் குழப்ப வேண்டாம். இரண்டுக்கும் கண்ணி நீளம் ஒன்றுதான், 12.7 மில்லிமீற்றர். அகலமும் உருளையின் பருமனும் வேறு. 428 சங்கிலியை 420 ஸ்பொக்கட்டில் போட்டால் சரியாக உட்காராது, ஆடி ஆடிப் பல்லைத் தேய்க்கும்.

மற்ற அலங்காரச் சாமான்களில் எனக்குப் பெரிய ஆசை இல்லை. லெக் கார்ட் வேண்டும், சேலைக் கம்பி வேண்டும், கரியர் வேண்டும். கரியரை வெறும் மட்காட்டில் பூட்டாதீர்கள், ஷொக் அப்சோபரின் மேல் போல்டோடு சேர்த்துப் பூட்டுங்கள். நெல்மூட்டை சில்லின் அச்சுக்குப் பின்னால் தள்ளி இருந்தால் முன் சில்லு இலேசாகி, மணலில் ஹான்டில் சொன்னபடி கேட்காது.

ஜூன் 16

லைட்டுக்கு எந்தப் பல்ப் வாங்குவது என்று கேட்டவருக்கு. முதலில் பற்றரியின் மேலே எத்தனை மூடி என்று பாருங்கள். மூன்று என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் 12. பழைய பென்லிகளில் 6 வோல்ட்டும் உண்டு. 12 வோல்ட் பல்பை 6இல் போட்டால் மின்மினி அளவுக்கு எரியும். 6 வோல்ட் பல்பை 12இல் போட்டால் உடனே போய்விடும். "இரண்டுக்கும் சரி" என்று விற்கிற எல்.ஈ.டி.யை வாங்கும் இடத்திலேயே உங்கள் பற்றரியில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ஹோர்னுக்கும் இதே கதைதான்.

ஆகஸ்ட் 17

தம்பியின் பென்லி மல்லாவியிலிருந்து முறிகண்டிவரை வந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பியதாம். படம் பார்த்தேன். கவர் நன்றாக வந்திருக்கிறது. துணியால் துடைத்த இடத்தில் மட்டும் பழைய நீலம் தெரிகிறது, அப்படியே விடுங்கள், பெயின்ற்றுக்கு அவசரமில்லை.

திரும்பி வரும்போது மேட்டில் எஞ்சின் கத்தியும் வண்டி இழுக்கவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. முதலில் கேபிளில் விரலளவு தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இறுகிய கேபிளாலும் வழுக்கும். அது சரியென்றால் எந்த ஒயில் ஊற்றினீர்கள்? கிளச் எஞ்சின் ஒயிலிலேயே ஊறி ஓடுகிறது. காருக்கு என்று விற்கிற சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கும், அது கிளச்சுக்கு ஆகாது. போத்தலில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்று போட்டிருப்பதை ஊற்றிப் பாருங்கள்.

அதற்கும் வழுக்கினால்தான் பிளேட். பழைய பிளேட்டை வெளியே எடுத்து வெளி விட்டம், உள் விட்டம், தடிப்பு, வெளிப் பல்லின் எண்ணிக்கை, நாலையும் எழுதிக்கொண்டு, பிளேட்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இந்திய 100 சி.சி. வண்டிகளின் பிளேட்டுகளோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க விடுகிற கடையாகப் பார்த்துப் போங்கள். பொருந்தியது எந்த வண்டியுடையது என்று இங்கே எழுதுங்கள், விசுவமடுவிலும் ஒருவர் அதே சாமானுக்குக் காத்திருக்கிறார். பூட்டுவதற்கு முன் புதுப் பிளேட்டை ஒரு இரவு முழுக்க எஞ்சின் ஒயிலில் ஊற வையுங்கள்.